முதல் நாளே அச்சான சான்றிதழ்

சாமு,

இதை போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் எதைச் சொன்னாலும் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய். பின்னால் ஹார்ன் சத்தம் கேட்கும். சோழிங்கநல்லூர் சிக்னல் பச்சையானதும் "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். காகிதத்தில் எழுதினால் என் பேச்சை உன்னால் நடுவில் வெட்ட முடியாது. வருகிற புதன்கிழமை நீ ஹைதராபாத்துக்குக் கிளம்புகிறாய். நூலகப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெரிய பிரிவுக்கே பொறுப்பாளர். நம் தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். பால்காரரிடம் மறந்துபோய் மறுபடியும் சொன்னேன். பெருமையாக இருக்கிறது. பெருமையாக இருப்பதால்தான் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தோடு உறைக்குள் ஒரு சான்றிதழும் இருக்கும். போன வாரம் நீ நடத்திய கணினிப் பயிற்சியின் கடைசி நாளில் உன் கையால் எனக்குக் கொடுத்தாயே, அதுதான். அதைத் திருப்பி அனுப்புகிறேன். கோபத்தில் அனுப்புவதாக நினைக்காதே. முழுவதும் படி.

நான் ஏன் அந்தப் பயிற்சிக்கு வந்தேன் என்று நீ இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று நினைக்கிறேன். பொது நூலகங்களில் வேலை செய்கிறவர்களோடு, எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் வாசகசாலை போன்ற சிறிய இடங்களிலிருந்தும் ஒருவர் வரலாம் என்று அறிவித்திருந்தார்கள். சங்கச் செயலாளர் என்னிடம், "மேடம், இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்த அலைச்சல்?" என்றார். அந்தக் கேள்வியை யாராவது கேட்டால் நான் எங்கே வேண்டுமானாலும் போவேன் என்பது உனக்குத் தெரியும். ஆனால் காரணம் அது மட்டும் இல்லை. அன்று இரவு நீ போனில் என்ன சொன்னாய்? "அம்மா, நான் வீட்டுக்கு வந்து சொல்லித் தர மாட்டேனா?" அதற்கான பதிலை இப்போது சொல்கிறேன். நீ வீட்டுக்கு வந்தால் சொல்லித் தருவதில்லை. செய்து கொடுத்துவிட்டுப் போகிறாய்.

அப்பா போன பிறகு எல்லாமே அப்படித்தான் நடந்தது. கேஸ் பதிவு, மின்கட்டணம், டாக்டரிடம் நேரம் வாங்குவது, எல்லாம். நான் போனை எடுத்துக் கண்ணாடியைத் தேடுவதற்குள், "குடுங்கம்மா" என்று வாங்கி, இரண்டு தட்டு தட்டி, "முடிஞ்சுது" என்று கையில் திரும்ப வைத்துவிடுவாய். நவம்பர் மாதம் குடும்ப ஓய்வூதியத்துக்காக நான் உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபிக்க வேண்டுமல்லவா? போனை என் முகத்துக்கு நேரே பிடித்து, "கண்ணை ஒரு தடவை சிமிட்டுங்கம்மா" என்பாய். நான் சிமிட்டுவேன். அந்த வேலையில் என் பங்கு அவ்வளவுதான். பாசத்தோடுதான் செய்தாய், அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் வருகிற நவம்பரில் நீ ஹைதராபாத்தில் இருப்பாய். நான் உயிரோடு இருப்பதை நானே நிரூபிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் என்னை மாதிரி பயப்படுகிறவர்கள் நாலு பேரோடு உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம் என்று வந்தேன். "ஹாலில் என்னை அம்மா என்று கூப்பிடாதே" என்று சொல்லியிருந்தேன். நீயும் சிரிக்காமல் "மேடம்" என்றாய். அதற்கு முழு மதிப்பெண்.

முதல் நாள் காலை உனக்கு முன்பே நான் வந்துவிட்டேன். வாசலில் மேசை போட்டு, துணிப்பை, எழுதும் அட்டை, பேனா எல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மேசையின் ஓரத்தில் ஒரு அடுக்கு. மேலே இருந்ததைப் படித்தேன். பயிற்சியை "வெற்றிகரமாக நிறைவு செய்தார்" என்று அச்சாகி, கீழே கையெழுத்தும் போட்டு முடித்திருந்தது. அந்தப் பெண்ணிடம், "ஏம்மா, இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே?" என்றேன். அவள், "கடைசி நாள்ல பிரிண்டர் எப்பவும் மக்கர் பண்ணும் மேடம். அதான் முன்னாடியே போட்டு வெச்சிடுவோம்" என்றாள். "நான் நாளைக்கு வரலைன்னா?" என்று கேட்டேன். "நீங்க வருவீங்க மேடம், மூணு நாளும் சாப்பாடு இருக்கு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லா ஊரிலும் எல்லாப் பயிற்சியிலும் இப்படித்தான் என்று நீ பிற்பாடு சொன்னாய். இருக்கலாம். அப்போது எனக்கும் அது வெறும் வேடிக்கையாகத்தான் பட்டது.

என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தவள் மல்லிகா. படப்பைப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் பல வருடங்களாக ஒப்பந்தத்தில் வேலை செய்கிறாள். காலையில் கதவைத் திறப்பதிலிருந்து சாயங்காலம் பூட்டுவதுவரை அங்கே அவள் ஒருத்திதான். ஐம்பதைத் தாண்டியவள். நீ பேச ஆரம்பித்துச் சிறிது நேரத்துக்குள் என் பக்கம் சாய்ந்து, "இவரு பேசறது தாம்பரத்துல நிக்காத எக்ஸ்பிரஸ் மாதிரி கீது மேடம். எங்க ஏறறதுன்னே தெரியல" என்றாள். நீ என் மகன் என்று நான் காட்டிக்கொள்ளவில்லை. மதியம் சாப்பிடும்போது அவளுடைய கவலை முழுவதும் வெளியே வந்தது. அடுத்த மாதத்திலிருந்து அவளுடைய நூலகத்தில் புத்தகம் கொடுப்பது, வாங்குவது, உறுப்பினர் சேர்ப்பது எல்லாம் கணினியில்தான். மேலதிகாரி நேரில் வந்து, கவுன்டரில் உட்கார வைத்துச் செய்யச் சொல்லிப் பார்ப்பாராம். செய்யத் தெரிந்தால் ஒப்பந்தம் தொடரும். இல்லையென்றால் வேறு ஆள். "கம்ப்யூட்டர் வந்து இறங்கிடுச்சு மேடம். பிளாஸ்டிக் கவரைக் கூட பிரிக்கல நானு. பிரிச்சா கெட்டுப் பூடுமோன்னு பயம்" என்றாள்.

இரண்டாம் நாள் நடந்ததை நீ மறந்திருப்பாய். எனக்கு மறக்கவில்லை. ஒவ்வொருவராக முன்னால் கூப்பிட்டு, பெரிய திரையில் எல்லோரும் பார்க்க, ஒரு உறுப்பினருக்கு ஒரு புத்தகத்தைக் கொடுத்துக் காட்டச் சொன்னாய். மல்லிகாவின் முறை வந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள். உறுப்பினர் எண்ணை ஒரு விரலால் தட்டிச் சரியாகத்தான் போட்டாள். அதன் பிறகு மௌஸை நகர்த்த நகர்த்த அது மேசையின் விளிம்புக்கு வந்துவிட்டது. அம்புக்குறியோ இன்னும் திரையின் பாதி தூரம் போகவேண்டியிருந்தது. மௌஸைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்து மறுபடி நகர்த்தலாம் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அதனால் விளிம்பைத் தாண்டி, அதை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீ அந்தச் சிரிப்பிலிருந்து அவளைக் காப்பாற்றத்தான் ஓடினாய், எனக்குத் தெரியும். "குடுங்கக்கா, நான் காட்டறேன்" என்று மௌஸை அவள் கையிலிருந்து வாங்கினாய். அம்புக்குறி பறந்தது. ஒரு பெட்டி திறந்து, மூடி, இன்னொன்று திறந்து, புத்தகம் பதிவாகிவிட்டது. "பாத்துட்டீங்களா? ஈஸிதானே?" "ஈஸிதான் சார்." கை தட்டினார்கள். முதலில் தட்டியது நான்தான், சாமு. என் மகன் அவ்வளவு வேகமாகச் செய்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அவள் வந்து உட்கார்ந்து உள்ளங்கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "புரிஞ்சுதா?" என்று கேட்டேன். "சார் செஞ்சது புரிஞ்சுது மேடம்" என்றாள். பிறகு, "நான் இன்னா செய்யணும்னுதான் புரியல" என்றாள். என் முறையும் வந்தது. உனக்கு நினைவிருக்கும். நானும் அதே இடத்தில்தான் தடுமாறினேன். "மேடம், ஒரு நிமிஷம்" என்று நீ என் கையிலிருந்தும் வாங்கினாய். அதே வேகம், அதே பாசம். நம் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. கண்ணைச் சிமிட்டவேண்டியதுதான் பாக்கி.

நான் கான்வென்ட்டில் தட்டச்சு படித்ததைப் பற்றிப் பலமுறை கேட்டு உனக்கு அலுத்திருக்கும். ஆனால் இதைச் சொன்னதில்லை. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சிஸ்டர், நாங்கள் அடிக்கும்போது நாற்காலிக்குப் பின்னால் நிற்பார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. எழுத்துக் கம்பிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டால், "சிஸ்டர்!" என்று கூப்பிடுவோம். அவர் அசைய மாட்டார். "எது மேலே இருக்கிறது?" என்று மட்டும் கேட்பார். ரிப்பன் கழன்றால், "அது எந்த வழியாக வந்தது?" அவ்வளவுதான். நாங்கள் விரலெல்லாம் மையாக்கிக்கொண்டு, மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே சரி செய்வோம். படிப்பு முடியும்வரை அவர் என் இயந்திரத்தைத் தொட்டதே இல்லை. கல்நெஞ்சு என்றுதான் நினைத்திருந்தேன். கிண்டியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அதிகாரி சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டிருந்தபோது ரிப்பன் கழன்றது. அறையில் வேறு யாரும் இல்லை. அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் மாட்டிவிட்டேன். அந்த சிஸ்டருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று கூடத் தோன்றவில்லை, அவ்வளவு இயல்பாக என் கை அதைச் செய்துவிட்டது.

உன் அப்பாவின் கதையும் ஒன்று இருக்கிறது. மின்சார ரயிலில் புதிய ரகப் பெட்டிகள் வந்தபோது, அதற்கு முன் பல வருடங்கள் ஓட்டியவர் என்றும் பார்க்காமல் அவரைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சிப் பள்ளியில் தேர்வு எழுதித் தேறியும் வந்தார். ஆனால் அதோடு விட்டுவிடவில்லை. ஒரு இன்ஸ்பெக்டர் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் அவரோடு ஓட்டுநர் அறையிலேயே போய்வந்தார், வாரக்கணக்கில். அப்பா ஒருநாள் பொறுக்க முடியாமல், "சார், எப்பதான் கையெழுத்துப் போடுவீங்க?" என்று கேட்டிருக்கிறார். "உங்க பக்கத்துல உக்காந்து எனக்கு என்னிக்குத் தூக்கம் வருதோ, அன்னிக்குப் போடறேன்" என்றாராம் அவர். ஒருநாள் மீனம்பாக்கம் தாண்டியதும் குறட்டைச் சத்தம் கேட்டதாம். அப்பா அடுத்த நிலையத்தில் வண்டியை மெதுவாக, மிக மெதுவாக நிறுத்தினாராம், அவர் விழித்துவிடக் கூடாது என்று. இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். இப்போது கொஞ்சம் யோசித்துப் பார். அந்தக் கையெழுத்தை முதல் நாளே போட்டு அடுக்கி வைத்திருந்தால், அந்த வண்டியில் உன்னை நான் ஏற்றியிருப்பேனா?

மூன்றாம் நாள் சாயங்காலம் சிறப்பு விருந்தினர் வந்தார், குழுப்படம் எடுத்தார்கள், பெயர் கூப்பிட்டுச் சான்றிதழ் கொடுத்தாய். மல்லிகாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு மேடையேறி அவள் எதையும் வாங்கியதில்லையாம். என்னிடம் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்லி மகளுக்கு அனுப்பினாள். பிறகு இருவரும் தாம்பரம் பேருந்து நிலையம்வரை ஒரே ஷேர் ஆட்டோவில் வந்தோம். வழியில் சான்றிதழை வெளியே எடுத்து மறுபடி படித்தாள். அப்போதுதான் அவள் முகம் மாறியது.

"மேடம், இதுல எனக்கு எல்லாம் தெரியும்னு எழுதிக்கீது, இல்ல?"

"ஆமாம்."

"அப்ப ஆபீசர் வந்து உக்காரச் சொன்னா, எனக்குத் தெரியாதுன்னு எப்படிச் சொல்றது? இத்த வாங்கிக்கினு போட்டோ வேற புடிச்சுக்கினேனே. யாரும் சொல்லித் தரலன்னு இனிமே யாராண்ட போய் சொல்ல முடியும்?"

இந்த மூன்று நாட்களில் எனக்கே தோன்றாத விஷயம் அது. அதுவரை அவளிடம் ஒரே ஒரு பாதுகாப்பு இருந்தது: எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்று சொல்லும் உரிமை. நாம் எல்லோரும் கைதட்டி, பாராட்டி, அச்சடித்த காகிதத்தைக் கொடுத்து அந்த உரிமையை வாங்கிக்கொண்டுவிட்டோம். இனி அவள் கவுன்டரில் தடுமாறினால் அது பயிற்சியின் குறை ஆகாது, அவளுடைய குறை ஆகிவிடும். நீ இரக்கத்தால் கொடுத்தாய், சாமு. அதனால்தான் எனக்கு வலிக்கிறது. இரக்கம் இல்லாதவன் கொடுத்திருந்தால் நான் கடிதம் எழுதியிருக்க மாட்டேன்.

"அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், நானும் கொடுக்கிறேன்" என்றேன். அவள் சான்றிதழை மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஐயோ, அத்த மட்டும் விட மாட்டேன் மேடம். என் பேரு பிரிண்ட்ல வந்துகீது." பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சரி, அவளுடையது அவளிடமே இருக்கட்டும். அதில் எழுதியிருப்பதை உண்மையாக்கினால் போதும். என்னுடையதை மட்டும் அனுப்புகிறேன். அந்த ஆட்டோவில் வைத்துத்தான் அவளிடம், அந்த எக்ஸ்பிரஸ் ரயில் என் மகன்தான் என்று சொன்னேன். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "மொதல்லயே சொல்லக் கூடாதா மேடம்? நான் இன்னான்னாவோ பேசிட்டேனே!" "நீங்கள் பேசியதில் தப்பு ஒன்றும் இல்லை" என்றேன். "கோச்சுக்குவாரா?" என்றாள். "சனிக்கிழமை நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டேன்.

ஆமாம், சனிக்கிழமை நீ அவளுடைய நூலகத்துக்கு வந்து சொல்லித் தருவாய் என்று உன்னைக் கேட்காமலே சொல்லிவிட்டேன். அன்று பிரியாவின் அண்ணன் வீட்டில் உங்களுக்கு விருந்து என்பது தெரியும். பிரியாவிடம் நானே பேசினேன். "விருந்தை ஞாயித்துக்கிழமைக்கு மாத்திடலாம் அத்தை, அது ஒண்ணும் பெரிசில்ல" என்றாள். பிறகு, "அவர் வருவார். ஆனா மௌஸைத் தொடாம இருப்பாரான்னு என்னால கேரண்டி குடுக்க முடியாது. எங்க வீட்டுல ரிமோட்டே என் கைக்கு வராது" என்றாள். உன்னை மணந்தவள் உன்னைச் சரியாகத்தான் படித்து வைத்திருக்கிறாள். அங்கே போன பிறகு அந்த ரிமோட்டையும் கொஞ்சம் விட்டுக்கொடு.

ஹைதராபாத்தில் உன் முன்னால் நூற்றுக்கணக்கானவர்கள் வந்து உட்காருவார்கள். அவர்களில் பாதிப் பேர் மல்லிகாவைப் போல ஒற்றை ஆளாக ஒரு நூலகத்தைத் திறந்து மூடுகிறவர்களாக இருப்பார்கள். பயிற்சி முடிந்து அவர்கள் திரும்பிப் போகும் இடத்தில் கேள்வி கேட்கப் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் உன் பாடத்தைக் குறை. பாதியாக்கினாலும் தவறில்லை. நீ பேசும் நேரத்தை அவர்கள் தவறு செய்வதற்குக் கொடு. ஒருவர் திணறும்போது அறையில் எழும் அந்த மௌனம் உனக்குத் தாங்காது. சின்ன வயதிலிருந்தே தாங்காது. உன் தங்கை ஒரு கணக்குக்கு விடை தேடிக்கொண்டிருந்தால் நீ அடுத்த அறையிலிருந்து சொல்லிவிடுவாய். அந்த மௌனத்தில்தான் அவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். அதைத் தாங்கப் பழகு. பிரிண்டர் மக்கர் பண்ணினால் பண்ணட்டும். சான்றிதழைத் தபாலில் அனுப்பலாம், யாரும் அழ மாட்டார்கள்.

இப்போது சனிக்கிழமைக்கு வருவோம். காலையில் தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் மல்லிகாவின் நூலகத்துக்கு நான் முன்னதாகவே போய்விடுவேன். காரில் அழைத்துப்போகிறேன் என்று சொல்லாதே. நீ பத்து மணிக்கு வந்துவிடு. மடிக்கணினி, படங்கள் ஒன்றும் வேண்டாம். பிளாஸ்டிக் உறையை மல்லிகாவே பிரிக்கட்டும். அவள் சேர்க்கப்போகும் முதல் உறுப்பினர் நீதான், அதனால் முகவரிச் சான்று கொண்டு வா. நீங்கள் இப்போது இருக்கும் நாவலூர் வீட்டு முகவரி மாறுவதற்குள் இந்த வேலை முடிய வேண்டும். இரண்டாவது உறுப்பினரை நான் சேர்ப்பேன், அவள் என் பின்னால் நிற்பாள். மௌஸ் மேசை விளிம்புக்கு வரும். உன் கை தானாக நீளும். அப்போது அதைப் பின்னால் கட்டிக்கொண்டு, "இப்ப எங்க இருக்கீங்கக்கா?" என்று மட்டும் கேள். எவ்வளவு நேரமானாலும் சரி. மூன்று பேருக்கும் எலுமிச்சை சாதம் கட்டி எடுத்து வருகிறேன்.

அவள் கையால் உனக்கு ஒரு புத்தகம் பதிவு செய்து கொடுக்க வேண்டும். எந்தப் புத்தகம் என்பது உன் இஷ்டம். அதை ஹைதராபாத்துக்கு எடுத்துப் போ, கெடு முடிவதற்குள் படித்து முடி, தபாலில் அனுப்பாதே, நீயே கொண்டு வா. நீ அதைத் திருப்பிக் கொடுக்க வரும் நாளில், கவுன்டருக்குப் பின்னால் மல்லிகா உட்கார்ந்திருக்க வேண்டும். அன்று என் சான்றிதழையும் கையோடு எடுத்து வா. வாங்கிக்கொள்கிறேன்.

அம்மா